பனை ஊருக்கு நீலம், பாக்கு ஊருக்குச் சிவப்பு

நர்சரியில் சிவப்புத் தண்டு பாமை ஒருமுறை பார்த்துவிட்டால், அதை வாங்காமல் திரும்ப மனசு வராது. லிப்ஸ்டிக் பாம் என்று கடைக்காரர் சொல்வார். இலை கரும்பச்சை. மட்டையும் அது தண்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் அடிப்பகுதியும் பளீரென்ற சிவப்பு. பெயின்ட் அடித்திருக்கிறார்களோ என்று சந்தேகப்பட்டு நகத்தால் சுரண்டிப் பார்ப்பவர்களும் உண்டு.

சென்னையில் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்தால் மார்கழி, தை வரைக்கும் குறை இருக்காது. சித்திரை வெயில் ஏறியதும் இலை நுனி கருகத் தொடங்கும். அடுத்த குருத்து விரியாமல் நின்றுபோகும். ஆடி பிறப்பதற்குள் தொட்டி காலி. வாங்கியவர் கடைக்காரரைத் திட்டுவார், கடைக்காரர் "தண்ணி பத்தலைங்க" என்பார். கடைக்காரர் சொல்வது பாதி உண்மை.

மீதி உண்மை, அந்த மரத்தின் சொந்த ஊரில் இருக்கிறது. சிர்டோஸ்டாக்கிஸ் ரெண்டா என்ற தாவரவியல் பெயர் கொண்ட இந்த பாம், தெற்குத் தாய்லாந்து, மலாய் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ பகுதிகளின் சதுப்புக் காடுகளில் வளர்வது. அங்கே வேரடியில் எந்நேரமும் ஈரம் இருக்கும், மண்ணில் அமிலத்தன்மை இருக்கும், காற்றே கனத்துக் கிடக்கும். சிங்கப்பூர் தாவரவியல் பூங்கா தன் சின்னமாகவே இந்த மரத்தை வைத்திருக்கிறது. சிங்கப்பூரில் மழை பெய்யாத மாதம் கிடையாது. சென்னையிலோ ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்தாலும் அதில் பெரும்பங்கை ஐப்பசியும் கார்த்திகையுமே கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதங்களில் செடிக்குக் கிடைப்பது போர் தண்ணீர். அதிலுள்ள உப்பு தொட்டி மண்ணில் படியப் படிய இலை நுனி காய்கிறது. எவ்வளவு ஊற்றுகிறோமோ அவ்வளவு உப்பும் சேர்கிறது.

ஆகவே வண்ணப் பாம் வாங்கக் கிளம்புகிறவர்கள், எந்த நிறம் பிடிக்கும் என்பதற்கு முன்னால் வேறொன்றை யோசிக்க வேண்டும். நம் ஊரில் கேட்பாரற்று நிற்பது பனையா, பாக்கா?

உலகத்தில் சுமார் 2,600 வகை பாம் இனங்கள் இருக்கின்றன. தென்னை, பனை, பாக்கு, ஈச்சை எல்லாம் அந்த ஒரே குடும்பம்தான். ஆனால் குடும்பம் ஒன்றானாலும் குணம் வேறு. தூத்துக்குடி, ராமநாதபுரம் மணலில் யாரும் தண்ணீர் காட்டாமல் பனை நிற்கிறது. பாக்கு மரமோ மேட்டுப்பாளையம், வாழப்பாடி, குமரி மாவட்டம் என்று ஈரமும் நிழலும் உள்ள இடமாகப் பார்த்து நிற்கிறது. வண்ணப் பாம்களிலும் இந்த இரண்டு கிளைகளின் பங்காளிகள் இருக்கிறார்கள். பனையின் பங்காளியைப் பனை ஊரிலும் பாக்கின் பங்காளியைப் பாக்கு ஊரிலும் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

பனைக் கிளையில் முதல் ஆள் பிஸ்மார்க் பாம். மடகாஸ்கர் தீவின் வறண்ட புல்வெளிகள்தான் அதற்குத் தாயகம். 1881இல் தாவரவியல் பெயர் சூட்டும்போது, அப்போது ஜெர்மனியின் சான்சலராக இருந்த பிஸ்மார்க்கின் பெயரை வைத்தார்கள். பனையோலை போலவே விசிறி இலை, ஆனால் நிறம் வெள்ளி கலந்த நீலம். கட்டைவிரலால் இலையை அழுத்தித் தேய்த்துப் பார்த்தால் விஷயம் புரியும். தேய்த்த இடத்தில் நீலம் போய்ப் பச்சை தெரியும். விரலில் மாவு மாதிரி ஏதோ ஒட்டியிருக்கும். அது மெழுகுப் பூச்சு. வறண்ட நிலத்து வெயிலைத் திருப்பி அனுப்பவும், இலையிலிருந்து ஈரம் போகாமல் காக்கவும் மரம் தானே பூசிக்கொண்டது. நாம் நீலம் என்று ரசிப்பது அந்தப் பூச்சைத்தான். தூசி படிந்திருக்கிறதே என்று ஈரத்துணியால் இலை இலையாகத் துடைப்பவர்கள் காசு கொடுத்து வாங்கிய நிறத்தைத் தாங்களே அழிக்கிறார்கள். தண்ணீரை மேலாகத் தெளித்தால் போதும். வெயிலைக் குறைக்கவும் கூடாது. நிழலில் வைத்தால் வளர்ச்சியும் மந்தமாகும், நிறமும் மங்கும்.

பிஸ்மார்க்குக்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. ஒன்று, வேரைத் தொடக்கூடாது. பனங்கொட்டை முளைக்கும்போது முளை நேராக மண்ணுக்குள் இறங்குவது பனங்கிழங்கு தோண்டியவர்களுக்குத் தெரியும். பிஸ்மார்க் விதையும் அப்படித்தான் ஆழத்துக்குப் போய் அங்கிருந்து மேலே வரும். தரையில் வளர்ந்த கன்றைத் தோண்டி எடுத்து வேறிடத்தில் நட்டால் பெரும்பாலும் பிழைக்காது. பையில் வளர்ந்த கன்றையே வாங்க வேண்டும். குழிக்குள் இறக்கிய பிறகு பிளேடால் பையை மட்டும் கீறி எடுக்க வேண்டும், வேர்க்கட்டி உடையக் கூடாது. இரண்டாவது பிடிவாதம் இடம். முதிர்ந்த மரத்தின் ஒரு இலையே ஆறேழு அடி அகலம் விரியும். எல்லாப் பக்கமும் இலை விரிந்து நிற்க இருபது அடி விட்டமாவது வேண்டும். அரை கிரவுண்டில் வீடு கட்டிக் கார் நிறுத்தவும் இடம் விட்டவர்கள், கன்று அழகாக இருக்கிறதே என்று இதை வாங்கக் கூடாது. பத்து வருஷம் கழித்து வெட்டித்தான் எறிய வேண்டியிருக்கும்.

இடம் குறைவாக உள்ளவர்களுக்கு அதே கிளையில் லட்டானியா இருக்கிறது. பனைக்கு இது இன்னும் நெருங்கிய சொந்தம். மூன்றே இனங்கள், இந்தியப் பெருங்கடலில் அருகருகே உள்ள மூன்று தீவுகள், தீவுக்கு ஒரு நிறம். ரியூனியனில் சிவப்பு, மொரீஷியஸில் நீலம், ரோட்ரிக்ஸில் மஞ்சள். கப்பலேறிய தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் தீவுகள் ரியூனியனும் மொரீஷியஸும். அங்கே இந்த மரத்தின் ஓலையைக் கூரை வேயவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். காட்டில் இப்போது மூன்றுமே அழியும் நிலையில் இருக்கின்றன. உலகெங்கும் தோட்டங்களில்தான் தாராளமாக வாழ்கின்றன.

வாங்குவோர் தெரிந்துகொள்ள வேண்டியது, சிவப்பு, மஞ்சள் லட்டானியாக்களின் நிறம் இளமையில் மட்டும்தான். சிவப்பு லட்டானியா கன்றாக இருக்கும்போது மட்டையும் இலை விளிம்பும் நரம்பும் செக்கச் செவேலென்று இருக்கும். மரம் வளர வளரச் சிவப்பு வடிந்து சாம்பல் பச்சைக்கு வந்துவிடும். ஏமாற்றிவிட்டார்கள் என்று அப்போது யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. மாந்தளிருக்குச் சிவப்பைத் தரும் அதே அந்தோசயனின் நிறமிதான் இங்கேயும் வேலை செய்கிறது. இளம் இலையின் மெல்லிய திசுவைக் கடும் வெயிலிலிருந்து காப்பது அதன் வேலைகளில் ஒன்று. இலை முற்றித் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் நிலைக்கு வந்ததும் நிறமி குறைகிறது. சாம்பேரோனியா என்ற நியூ கலிடோனியா பாமில் இந்த மாந்தளிர்க் கணக்கு இன்னும் பட்டவர்த்தனம். ஒவ்வொரு புது இலையும் ரத்தச் சிவப்பாக விரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் பச்சையாகிவிடும். அது சமவெளி வெயிலுக்கு ஆகாது. ஏற்காடு, வால்பாறை பக்கம் வீடு உள்ளவர்கள் முயலலாம்.

பாக்குக் கிளைக்கு வருவோம். குமரி மாவட்டத்திலோ செங்கோட்டைப் பக்கமோ வீட்டுப் பின்புறம் பாக்கு மரம் தானாகக் காய்க்கிறது என்றால், அங்கே லிப்ஸ்டிக் பாமும் வரும். அகலமான தொட்டியில் இலைமட்கும் தென்னைநார்க் கழிவும் கலந்த மண்ணில் வைத்து, தொட்டியின் அடித்தட்டில் எப்போதும் இரண்டு விரல் தண்ணீர் நிற்கும்படி விட்டால் போதும். வேர் அழுகிவிடுமே என்று மற்றச் செடிகளுக்குப் படும் கவலை இதற்கு வேண்டாம், இது சதுப்பில் பிறந்தது. மழைநீரைப் பிடித்துவைத்து ஊற்றுவது உத்தமம். கன்றில் சிவப்பு மங்கலாகத்தான் இருக்கும், செடி தூர் கட்டி வளர வளர ஏறும். அவசரக்காரர்களுக்கு இது ஏற்றதல்ல. குளிரும் ஆகாது என்பதால் ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் ஆசைப்பட வேண்டாம்.

இதே சூழலுக்குப் பொருந்தும் இன்னொன்று அரேகா வெஸ்டியாரியா. நாம் தாம்பூலத்தில் வைக்கும் பாக்கின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம், தாவரவியலில் இரண்டும் ஒரே பேரினம். இந்தோனேசியாவின் சுலவேசி, மலுக்கு தீவுகளிலிருந்து வந்தது. நம் பாக்கு மரத்தில் உச்சியில் பச்சையாக இருக்கும் அந்த வழவழப்பான பாளைத்தண்டுப் பகுதி இதில் முழு ஆரஞ்சு. பாக்குத் தோட்டத்தில் ஊடே ஒன்றை நட்டுவிட்டால் வழிப்போக்கர் ஒவ்வொருவரும் நின்று விசாரிப்பார்கள்.

பனை ஊர், பாக்கு ஊர் என்று பார்க்காமல் எங்கும் வளர்வது, எல்லோரும் மலிவாக நினைக்கும் அரேகா பாம். கல்யாண மண்டப வாசலிலும் வங்கிக் கிளையிலும் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன அதே செடிதான். பெயரில்தான் அரேகா, ஊர் மடகாஸ்கர். வீட்டுக்குள் மூலையில் நிற்கும்போது அது வெறும் பச்சை. அதையே காலை வெயில் படும் இடத்துக்கு மாற்றினால், அடுத்தடுத்து வரும் தண்டும் மட்டையும் பொன்மஞ்சளாக மாறும். நிழலில் இருந்ததை ஒரே நாளில் உச்சி வெயிலில் தள்ளினால் இலை வெந்துபோகும். இரண்டு மூன்று வாரம் விட்டு மெல்ல மெல்ல நகர்த்த வேண்டும்.

எல்லா மஞ்சளும் அழகில்லை. அடி இலைகளில் ஆரஞ்சுப் புள்ளிகள் தெறித்தாற்போல் வந்தால் அது சாம்பல்சத்துக் குறை. இலையின் நடுப்பகுதி பச்சையாக இருக்க, விளிம்பு மட்டும் எலுமிச்சை மஞ்சளாக மாறினால் மெக்னீசியம் பற்றவில்லை என்று பொருள். பொட்டாஷும் மெக்னீசியம் சல்பேட்டும் தொழு உரத்தோடு சேர்த்துக் கொடுத்தால் புது இலைகள் தேறிவரும். அந்த நேரத்தில் அடி இலைகளை அறுத்துப் போடுவதுதான் பலர் செய்யும் தப்பு. மண்ணில் இல்லாத சாம்பல்சத்தை மரம் பழைய இலையிலிருந்து உறிஞ்சித்தான் குருத்துக்கு அனுப்புகிறது. பழைய இலையை வெட்டினால் அடுத்த இலையிலிருந்து எடுக்கத் தொடங்கும். முழுக்கக் காய்ந்த மட்டையை மட்டும் எடுங்கள்.

பச்சை மட்டையை வெட்டக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் சிவப்புக் கூன்வண்டு. வெட்டுக்காயத்தின் வாடை அதை வரவழைக்கும். அங்கே முட்டையிட்டால் புழு உள்ளே குடைந்துகொண்டே போகும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். பெரும்பாலான பாம்களில் ஒரு தண்டுக்கு உயிர் ஒரே குருத்தில்தான். அது போனால் பக்கக் கிளை விட்டுப் பிழைக்க வழியில்லை. காண்டாமிருக வண்டும் குருத்தைத்தான் தேடி வரும். அது பெருகுவது எருக்குழியில் என்பதால், தோட்ட மூலையில் மட்கு உரம் போடுகிறவர்கள் அதைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கிவிட வேண்டும். வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் கலந்து குருத்தை ஒட்டிய மட்டை இடுக்குகளில் போடுவது தென்னை விவசாயிகளின் பழக்கம். வீட்டுப் பாமுக்கும் அது பொருந்தும்.

2016இல் பொள்ளாச்சித் தென்னைகளில் முதலில் தலைகாட்டிய சுருள் வெள்ளை ஈ இப்போது அலங்காரப் பாம்களிலும் உட்காருகிறது. ஈ சுரக்கும் இனிப்புத் திரவத்தின் மேல் கரும்பூசணம் படர்ந்து, நீலமோ ஆரஞ்சோ எல்லாம் கரி பூசியதாகிவிடும். இலையின் அடிப்புறத்தில் வேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதும், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுவதும் பெரும்பாலும் போதும். கடும் மருந்து அடித்தால் அந்த ஈயை அழிக்கும் என்கார்சியா என்ற சின்னக் குளவியும் சேர்ந்து செத்துவிடும். வேப்பெண்ணெய்க் கரைசலைப் பிஸ்மார்க்கில் மட்டும் தெளிக்க வேண்டாம், மெழுகுப் பூச்சைக் கெடுத்துவிடும்.

கன்று எங்கே வாங்குவது? சென்னைச் சுற்றுவட்டார நர்சரிகளுக்கு வரும் பாம்களில் நிறைய, ஆந்திராவில் ராஜமுந்திரி அருகே கோதாவரிக் கரையிலுள்ள கடியம் பகுதியிலிருந்து லாரியில் வருபவை. வந்து இறங்கியதும் வாங்காமல், கடையிலேயே சில வாரம் நின்று புதுக் குருத்து விட்ட செடியாகப் பார்த்து எடுப்பது நல்லது. இணையத்தில் ஊதா இலை, கத்திரிப்பூ நீல இலை என்று படம் போட்டு விதை விற்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். படத்தில்தான் அந்த நிறம். மழைக்காட்டு பாம்களின் விதை காய்ந்தால் முளைப்புத்திறனும் போய்விடும். உறையில் உலர்ந்து வரும் லிப்ஸ்டிக் பாம் விதை முளைப்பது அபூர்வம்.

இவ்வளவு வெளிநாட்டு மரங்களைச் சொல்லிவிட்டு, நம் பக்கத்து ஊர்க்காரரை விட்டுவிடுவது நியாயமாகாது. கேரளத்தில் திருச்சூர் மாவட்டத்துச் சாவக்காட்டின் ஆரஞ்சுக் குட்டைத் தென்னை, நாம் செவ்விளநீர் என்று வாங்கிக் குடிப்பது. காசர்கோட்டிலுள்ள மத்தியத் தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1991இல் இதை இளநீருக்கான ரகமாக வெளியிட்டது. காய் மட்டுமில்லை, மட்டைக் காம்பும் பாளையும் ஆரஞ்சுதான். கன்று பொறுக்குவதில் ஒரு வேடிக்கை உண்டு. சாவக்காட்டுத் தாய்மரத்தில் நெட்டை மரத்தின் மகரந்தம் சேர்த்து வீரிய ஒட்டுக் கன்று தயாரிக்கும் நாற்றங்காலில், மட்டைக் காம்பு பழுப்பாக இருந்தால் அது ஒட்டு. ஆரஞ்சாக இருந்தால் தாய்மரம் தன் மகரந்தத்திலேயே சூல்கொண்டது என்று பொருள், அதைக் கழித்துவிடுவார்கள். தோப்பு போடுகிறவர் வேண்டாம் என்று தள்ளும் அந்த ஆரஞ்சுக் கன்றுதான் வண்ணத்துக்காகத் தேடுகிறவருக்கு வேண்டிய கன்று. வறட்சி தாங்காது, கோடையில் தவறாமல் தண்ணீர் காட்ட வேண்டும் என்பது ஒன்றுதான் குறை. தென்னையின் வேர் அரச மரத்து வேர்போல் பருத்துச் சுவரைப் பிளக்காது. வீட்டில் ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால் யோசிக்காமல் செவ்விளநீரை வையுங்கள். நிறம் முதல் நாளிலிருந்தே இருக்கும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் மூன்று நான்கு ஆண்டுகளில் பாளையும் வெடிக்கும்.