சினை ஊசி போட்டும் எருமைக்கு சினை நிக்கலையா? குறை ஊசியில இல்ல... நேரத்துல!

மண்ணூர்பேட்டை:-

"ரெண்டு தடவை சினை ஊசி போட்டாச்சு. இன்னும் சினை நிக்கல. தீனி போட்டு கட்டுப்படியாகல. வித்துடலாமான்னு பார்க்குறேன்."

எருமை வைத்திருக்கும் பால்காரர்களிடம் பேச்சு கொடுத்தால் முதலில் வருவது இந்த புலம்பல்தான்.

மண்ணூர்பேட்டை, பாடி, அம்பத்தூர் பக்கம் எருமை வளர்ப்பு முன்பு மாதிரி இல்லை. கம்பெனிகளும் அடுக்குமாடி வீடுகளும் வந்த பிறகு மேய்ச்சல் நிலம் போனது. எருமை படுத்துக் கிடந்த குட்டைகளும் போனது. ஆனால் டீக்கடைகளுக்கு எருமைப்பால் மேல் உள்ள ஆசை மட்டும் போகவில்லை. பசும்பாலில் கொழுப்பு 4 சதவீதம் என்றால் எருமைப்பாலில் 7 சதவீதம் வரை இருக்கும். டீ கெட்டியாக வரும்.

அப்படிப்பட்ட எருமை தமிழ்நாட்டில் வேகமாக குறைந்து வருகிறது. 2012-ம் ஆண்டு கால்நடை கணக்கெடுப்பில் சுமார் 7.8 லட்சம் எருமைகள் இருந்தன. 2019-ல் அது சுமார் 5.2 லட்சமாகி விட்டது. ஏழே வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு காணோம். சினை நிற்காத எருமை கடைசியில் போய் சேருவது அடிமாட்டு வண்டியில்தான்.

விற்பதற்கு முன்னால் ஒரு கணக்கை பார்த்து விடுவோம்.

21 நாள் கணக்கு

எருமை சினைப்பருவத்துக்கு வருவது 21 நாளுக்கு ஒரு முறை. அந்த பருவமும் ஒரு நாளுக்குள் முடிந்து விடும். அதை கோட்டை விட்டால் அடுத்த 21 நாள் காத்திருக்க வேண்டியதுதான்.

ஒரு எருமைக்கு தீனிச் செலவு நாளைக்கு 200 ரூபாய் என்று வையுங்கள். ஒரு பருவம் போனால் 4 ஆயிரத்து 200 ரூபாய் போச்சு. மூன்று பருவம் போனால் 12 ஆயிரத்து 600. சினை நின்ற பிறகும் கன்று போட சுமார் 310 நாள் ஆகும். அதாவது 10 மாதம் 10 நாள். ஊசிக்கு கொடுக்கிற காசை விட தவறவிட்ட நாளுக்கு கொடுக்கிற காசுதான் ஜாஸ்தி.

செயற்கை கருவூட்டல் ஒன்றும் புதுசு இல்லை. நம் நாட்டில் இந்த முறையில் முதல் எருமைக் கன்று அலகாபாத் விவசாயக் கல்லூரியில் பிறந்தது 1943-ல். இருந்தும் இன்றைக்கும் 100 எருமைக்கு ஊசி போட்டால் முதல் தடவையிலேயே சினை நிற்பது பொதுவாக 30 முதல் 40 வரைதான். ஏன்?

ஊமைப் பருவம்

பசு மாடு பருவத்துக்கு வந்தால் தெருவுக்கே தெரியும். கத்தி ஊரைக் கூட்டும். பக்கத்து மாட்டின் மேல் தாவும். எருமை அப்படி இல்லை. பல எருமைகள் சத்தமே போடாது. இதைத்தான் ஊமைப் பருவம் என்கிறார்கள்.

கிராமத்தில் கடா இருந்தால் அதுவே மோப்பம் பிடித்து காட்டிக் கொடுத்து விடும். ஊருக்குள் கடா வைத்திருப்பது யார்? அதனால் வளர்ப்பவர் கண்தான் கடா வேலையை பார்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டியது இவைதான்:-

* அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக மூத்திரம் போகும்.
* அறை தடித்து சிவந்திருக்கும்.
* கண்ணாடி மாதிரி வழவழப்பான திரவம் வரும். எருமை நிற்கும்போது இது வெளியே தெரியாமல் போகலாம். படுத்திருக்கும்போது வாலையும், எழுந்த பிறகு தரையையும் பாருங்கள்.
* தீனி குறையும். திடீரென்று பால் குறையும்.

பருவம் பெரும்பாலும் ராத்திரியிலும் விடியற்காலையிலும்தான் தெரியும். அதனால் பால் கறக்க எழுந்ததும் ஒரு தடவை, ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை டார்ச் லைட் அடித்து பார்த்து விட வேண்டும்.

வெயில் காலத்தில் இன்னும் கஷ்டம். கருப்புத் தோல், வியர்வையும் குறைவு என்பதால் எருமைக்கு சூடு தாங்காது. கோடையில் பருவமே வெளியே தெரியாமல் போய்விடும். செப்டம்பரில் இருந்து பிப்ரவரி வரைதான் எருமைக்கு நல்ல சீசன். குட்டை இல்லாத ஊரில் கோடையில் நிழலில் கட்டி, தினமும் ரெண்டு மூன்று தடவை தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும்.

காலையில் பார்த்தால் மாலையில்

எருமைக்கு கருமுட்டை வெளிவருவது பருவம் முடிந்து சுமார் 10 முதல் 14 மணி நேரம் கழித்துத்தான். பருவம் தெரிந்த உடனே ஓடிப்போய் ஊசி போட்டாலும் வேஸ்ட். ரொம்ப தள்ளிப் போட்டாலும் வேஸ்ட்.

கணக்கு ரொம்ப சுலபம். காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலை ஊசி. மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை ஊசி.

நாம் ஊசி என்று சொல்கிறோமே தவிர அது உண்மையில் ஊசி இல்லை. மெல்லிய குழலில் அடைத்த விந்தை நீளமான ஒரு கருவியால் கருப்பை வாசலில் வைப்பதுதான். உறைவிந்துக் குச்சி எனப்படும் அந்த குழல், மைனஸ் 196 டிகிரி குளிரில் திரவ நைட்ரஜன் கேனில் இருக்கும். வெளியே எடுத்ததும் 37 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் 30 விநாடி வைத்து, தாமதிக்காமல் செலுத்த வேண்டும். கேனில் நைட்ரஜன் குறைந்தாலோ, குச்சி வெயில் பட்டாலோ உள்ளே இருக்கும் உயிரணு செத்து விடும். பக்கத்தில் நின்று இதை கவனிப்பதில் தப்பே இல்லை.

இன்னொன்று. பசு விந்தை எருமைக்கு போட்டால் கன்று கிடைக்காது. எருமைக்கு குரோமோசோம் 50, பசுவுக்கு 60. ரெண்டும் ஒட்டாது. முர்ரா எருமைக்கடாவின் குச்சிதானா என்று கேட்டு வாங்குங்கள். ஆவடியைத் தாண்டி அலமாதியில் மத்திய அரசின் முர்ரா எருமைப் பண்ணையும் உறைவிந்து நிலையமும் நமக்கு பக்கத்திலேயே இருப்பது பலருக்கு தெரியாது.

நாள் குறித்து ஊசி

எவ்வளவு பார்த்தும் பருவம் தெரியவில்லையா? அதற்கும் வழி இருக்கிறது. டாக்டர் முதல் நாள் ஒரு ஹார்மோன் ஊசி போடுவார். 7 நாள் கழித்து இன்னொன்று. அதில் இருந்து 2 நாள் கழித்து மூன்றாவது. மறுநாள் சினை ஊசி. பருவத்துக்கு காத்திருக்கவே வேண்டாம். அமெரிக்காவில் 1995-ல் பசுக்களுக்காக வந்த முறை இது. இப்போது எருமைக்கும் பயன்படுகிறது.

ஆனால் எச்சரிக்கை! இதில் நடுவில் போடும் ஊசி, சினை எருமைக்கு போட்டால் கரு கலைந்து விடும். சினை பரிசோதனை செய்யாமல் யாரும் தொடக் கூடாது. மெடிக்கலில் வாங்கி சொந்தமாக போடுவது வினையை விலைக்கு வாங்குவது.

கிடாரி கன்று மட்டும் பிறக்கும்படி பிரித்தெடுத்த விந்தும் வந்து விட்டது. அதில் 100-க்கு சுமார் 90 கிடாரி கன்றுதான். ஆனால் அந்த குச்சியில் உயிரணு குறைவு. நேரம் கொஞ்சம் தப்பினாலும் காசு போச்சு.

காலண்டரில் ஒரு வட்டம்

எலும்பும் தோலுமாக இருக்கும் எருமைக்கு எந்த ஊசியும் பலிக்காது. பசுந்தீவனமும், டாக்டர் சொல்லும் அளவுக்கு தாது உப்புக் கலவையும் தினமும் கொடுங்கள். கன்று போட்டு 60 நாள் கழித்து பருவத்தை தேட ஆரம்பியுங்கள்.

ஊசி போட்ட தேதியை வீட்டு காலண்டரில் வட்டம் போடுங்கள். அதில் இருந்து 21-வது நாளிலும் ஒரு வட்டம். அந்த நாளை ஒட்டி ரெண்டு மூன்று நாள் கண்ணை எருமை மேலேயே வையுங்கள். பருவம் தெரியவில்லை என்பதற்காக சினை என்று நம்பி விடாதீர்கள். ஊமைப் பருவமாகவும் இருக்கலாம். 60 முதல் 90 நாளுக்குள் கால்நடை மருந்தகத்தில் காட்டி உறுதி செய்து கொள்ளுங்கள்.

மூன்று தடவை சரியான நேரத்தில் போட்டும் நிற்கவில்லை என்றால் கருப்பையில் கோளாறு இருக்கலாம். அதை டாக்டரிடம் காட்டுங்கள். அடிமாட்டு வியாபாரியிடம் காட்டுவதை அதற்கப்புறம் பார்த்துக் கொள்ளலாம்.