பூச்சியைக் கொல்லும் பூஞ்சக்காளான்

மழைக்காலத்தில் பழைய ரொட்டியின்மேல் படரும் பூஞ்சக்காளானை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த இனத்தில் சில, உயிருள்ள பூச்சியின் உடலையே விளைநிலமாக்கிக்கொண்டு அதனைக் கொன்றுவிடுகின்றன. அவற்றை மனிதன் உழவுக்குத் துணையாக்கிக்கொண்ட வரலாற்றை இன்று சொல்ல விரும்புகிறேன்.

இவ்வரலாறு பட்டுப்புழுவில் தொடங்குகிறது. இத்தாலியில் பட்டுப்புழுக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்து, சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்து விறைத்துப்போயின. நம்மவர் இதனைச் சுண்ணக்கட்டு நோய் என்பர். அகஸ்தினோ பாஸி என்பவர் பல ஆண்டுகள் ஆராய்ந்து, நோயை உண்டாக்குவது ஒரு காளானே என்றும், புழுவின்மேல் காணும் வெண்பொடியே அதனைப் பரப்புகிறது என்றும் 1835-இல் வெளியிட்டார். நுண்ணுயிர் விலங்குக்கு நோய் விளைவிக்கும் என்பதைப் பாஸ்டருக்கு முன்பே மெய்ப்பித்த ஆய்வு அது. அக்காளான் இன்று அவர் பெயரால் பெவேரியா பாஸியானா என வழங்குகிறது.

பட்டுக்குப் பகையானது பயிருக்கு நட்பாகலாம் அன்றோ? 1879-இல் ஒடெஸா பகுதியில் கோதுமையை அழித்த வண்டின் புழுக்களில் மெச்னிகாவ் ஒரு பச்சைக் காளானைக் கண்டார். அதனைப் பெருக்கிப் பூச்சிகளுக்கு எதிராக ஏவலாம் என்றும் எண்ணினார். மெட்டாரைசியம் என்பது அதுவே.

பிற நுண்ணுயிர்களிற் பல, பூச்சி அவற்றைத் தின்றால்தான் வேலை செய்யும். காளானோ தொட்டாலே போதும். அதன் வித்து பூச்சியின் மேல்தோலில் ஒட்டி முளைக்கிறது. தோலைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து, துளைத்து உட்புகுகிறது. உள்ளிருக்கும் சத்தை உண்டு பெருகுகிறது. பூச்சி இறந்தபின் வெளியே படர்ந்து புதிய வித்துக்களைச் சொரிகிறது.

முளைக்க ஈரம் வேண்டும். கடும் வெயிலில் வித்து மடியும். ஆகவே இருளும் ஈரமும் உள்ள எருக்குழி இதற்கு ஏற்ற களம். தென்னையின் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு முட்டையிடுவதும், அதன் புழு வளர்வதும் அத்தகைய மக்கிய எருவில்தான். அதனால் நம் தென்னந்தோப்புகளில் மெட்டாரைசியத்தை எருக்குழியில் கலக்குமாறு வேளாண்மை அறிஞர் கூறுகின்றனர். மரத்தின் உச்சியில் வண்டைத் தேடுவதினும், குழியிலேயே புழுவை ஒழிப்பது எளிதல்லவா?

ஆயினும் இரண்டு செய்திகளை மறக்கலாகாது. நச்சு மருந்துபோல் இது உடனே கொல்லாது. நாட்கள் பல ஆகும். இன்று தெளித்து நாளை பூச்சியைத் தேடும் உழவர் மனந்தளர்வது இயல்பே. மற்றொன்று, இதன் பகைமைக்கும் எல்லை அறிய வேண்டும். பட்டுப்புழு வளர்ப்போரின் மல்பெரித் தோட்டத்தருகே பெவேரியாவைத் தெளித்தால், ஒருவர் பயிரைக் காத்த காளான் அடுத்தவர் பிழைப்பைக் கெடுத்துவிடும்.

உயிரை ஆயுதமாகக் கொள்பவர் அவ்வுயிரின் இயல்பை முதலில் கற்க வேண்டும். அக்கல்வியை வளர்க்கும் பொறுப்பு, நாளைய அறிவியலாளராகிய உங்களுடையது.