மலைமேல் பட்டணம், பூட்டிய கதவு

1659இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் ஒரு சட்டம் வந்தது. கிறிஸ்துமஸ் அன்று வேலைக்குப் போகாமல் இருந்தாலோ, விருந்து வைத்துக் கொண்டாடினாலோ ஐந்து ஷில்லிங் அபராதம். சட்டத்தை இயற்றியவர்கள் வேதாகமத்தை எழுத்தெண்ணிப் படித்த கிறிஸ்தவர்கள். இயேசு எந்த நாளில் பிறந்தார் என்று வேதத்தில் இல்லை. வேதத்தில் இல்லாத பண்டிகை மனிதர்கள் உண்டாக்கியது. மனிதர்கள் உண்டாக்கியதைக் கடவுள் வழிபாட்டில் கலப்பது பாவம். இதுதான் அவர்கள் கணக்கு. 22 ஆண்டுகள் அந்தச் சட்டம் ஏட்டில் இருந்தது.

பியூரிட்டன்கள் என்று வரலாறு அழைக்கும் இவர்களைப் பற்றிப் பொதுவாக நாம் கேள்விப்பட்டிருப்பது ஒரே வரிதான்: மதச் சுதந்திரம் தேடி இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்கள். அதில் பாதி உண்மை. சரியென்று தாங்கள் நம்பிய ஒரே வழிபாட்டை இடையூறில்லாமல் நடத்த ஓர் இடம் தேடினார்கள். அந்த இடத்தில் இன்னொருவர் இன்னொரு விதமாக வழிபடலாம் என்ற எண்ணம் அவர்களுக்கு வரவே இல்லை. அமெரிக்கா இன்று பெருமையோடு பேசும் மதச் சுதந்திரத்துக்கு அங்கே முதல் விதை போட்டவர்கள், இவர்கள் ஊரைவிட்டு விரட்டிய மனிதர்கள்.

1534இல் எட்டாம் ஹென்றி ரோமாபுரியோடு உறவை அறுத்துக்கொண்டு இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தானே தலைவரானார். போப் போனார், பிஷப்புகள் இருந்தார்கள். குருமாரின் வெள்ளை அங்கி, ஞானஸ்நானத்தில் சிலுவை அடையாளம், திருவிருந்தின்போது முழந்தாளிடுவது, திருமண மோதிரம் எல்லாமே பின்னாலும் தொடர்ந்தன. ஜெனீவாவில் ஜான் கால்வின் திருச்சபையை எவ்வளவு தூரம் சீர்திருத்தினார் என்று கண்ட சீர்திருத்தக்காரர்களுக்கு இது பாதிக் கிணறு தாண்டிய வேலையாகப் பட்டது. மீதியையும் தாண்ட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர்களே பியூரிட்டன்கள்.

கால்வினிடம் அவர்கள் கற்ற கோட்பாடு மனித மனம் தாங்குவதற்குக் கடினமானது. யார் இரட்சிக்கப்படுவார், யார் நரகத்துக்குப் போவார் என்பதை உலகம் உண்டாகும் முன்பே கடவுள் தீர்மானித்துவிட்டார். நற்செயலால் அதை மாற்ற முடியாது. தானம், தவம், பரிகாரம் எதுவும் உதவாது. அப்படியானால் மனிதன் கைகட்டிச் சும்மா இருந்துவிடலாமே என்று நமக்குத் தோன்றும். நடந்தது நேர்மாறு. தெரிந்துகொள்ளப்பட்டவனா, தள்ளப்பட்டவனா என்ற கேள்வி அவர்களைத் தூங்கவிடவில்லை. கிருபை தங்கள்மேல் இறங்கியதற்கு அடையாளம் தெரிகிறதா என்று ஒவ்வோர் எண்ணத்தையும் சோதித்தார்கள். பெருமை, சோம்பல், பிரசங்கத்தின் நடுவே மனம் அலைந்தது என எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதிவைத்து அழுதார்கள்.

இதோடு இன்னொரு நம்பிக்கையும் சேர்ந்திருந்தது: உடன்படிக்கை. பழைய இஸ்ரவேலரோடு செய்ததுபோலக் கடவுள் ஒரு சமூகம் முழுவதோடும் உடன்படிக்கை செய்கிறார். காத்தால் ஆசீர்வாதம், மீறினால் பஞ்சமும் கொள்ளைநோயும் எல்லோருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுநாளை மீறினால் அதன் தண்டனை என் குழந்தைமீதும் விழும். பியூரிட்டன் ஊர்களில் ஒருவருக்கொருவர் காட்டிய பரிவும், ஒருவரையொருவர் வேவு பார்த்ததும் இந்த ஒரே நம்பிக்கையிலிருந்து பிறந்தவை. இதை மனத்தில் வைக்காமல் அவர்கள் செய்த எதையும் புரிந்துகொள்ள முடியாது.

1620இல் மேஃப்ளவர் கப்பலில் 102 பேரோடு பிளிமத்துக்குப் போனவர்கள் இவர்களில் ஒரு சிறு பிரிவினர். இங்கிலாந்துத் திருச்சபையோடு உறவே வேண்டாம் என்று பிரிந்து, ஹாலந்தின் லைடன் நகரில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் அந்தக் குழுவின் மையம். முதல் குளிர்காலத்திலேயே ஏறக்குறையப் பாதிப்பேர் மாண்டார்கள். படங்களிலும் பண்டிகைகளிலும் அவர்கள் புகழ் பெரிது. குடியேற்றத்தின் பெரிய கதை பத்து ஆண்டுகள் கழித்துத்தான் தொடங்கியது.

முதலாம் சார்லஸ் மன்னர் 1629இல் பாராளுமன்றத்தைக் கலைத்துவிட்டுப் பதினோரு ஆண்டுகள் தனியாக ஆண்டார். வில்லியம் லாட் முதலில் லண்டன் பிஷப்பாகவும் 1633இலிருந்து காண்டர்பரி ஆர்ச்பிஷப்பாகவும் இருந்துகொண்டு பியூரிட்டன் போதகர்களைப் பிரசங்க மேடையிலிருந்து இறக்கினார். அந்த 1629ஆம் ஆண்டிலேயே மாசசூசெட்ஸ் பே கம்பெனி என்ற வணிக நிறுவனத்துக்கு அரச சாசனம் கிடைத்தது. அதில் ஒரு விடுபடல் இருந்தது: கம்பெனியின் கூட்டங்கள் எந்த ஊரில் நடக்க வேண்டும் என்று எழுதப்படவில்லை. சஃபோக் நிலக்கிழாரும் வழக்கறிஞருமான ஜான் வின்த்ரோப்பும் அவருடைய கூட்டாளிகளும் அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டார்கள். சாசனத்தையே கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். கம்பெனியின் பங்குதாரர் கூட்டம் சட்டசபையாயிற்று, கம்பெனித் தலைவர் கவர்னரானார். மன்னரின் முத்திரை பதித்த ஒரு தோல் ஏட்டை வைத்தே மன்னரின் கைக்கு எட்டாத அரசொன்றை அமைத்துவிட்டார்கள். இவர்களுடைய துணிச்சலில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான்.

1630இல் ஆர்பெல்லா முதலான பதினோரு கப்பல்கள் புறப்பட்டன. அடுத்த பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய 20,000 பேர் கடல் கடந்தார்கள். பெரும்பாலோர் மனைவி மக்களோடு குடும்பமாக வந்தவர்கள். அந்தப் பயணத்தை ஒட்டி வின்த்ரோப் ஆற்றிய உரையில்தான் மலைமேல் பட்டணம் என்ற புகழ்பெற்ற உவமை வருகிறது. மத்தேயு சுவிசேஷத்திலிருந்து எடுத்தது. இன்றைய அமெரிக்கத் தலைவர்கள் அதைத் தற்பெருமையாக எடுத்தாளுகிறார்கள். வின்த்ரோப் சொன்னது எச்சரிக்கை: எல்லோர் கண்ணும் நம்மேல் இருக்கிறது, தவறினால் உலகம் நம்மைப் பழிக்கும் என்பதே அதன் பொருள். பணக்காரர் ஏழையைத் தாங்க வேண்டும், தன் மிகுதியைப் பிறர் தேவைக்குத் தர வேண்டும் என்றும் அதில் கேட்டுக்கொண்டார். 1838வரை அந்த உரை அச்சேறவே இல்லை.

பாஸ்டனைச் சுற்றி ஊர்கள் எழுந்தன. 1631இல் இயற்றிய விதிப்படி சபை உறுப்பினரான ஆண்களுக்கு மட்டுமே வாக்குரிமை. சபையில் சேர ஞானஸ்நானம் பெற்றால் போதாது. கிருபை தன்னை எப்போது, எப்படித் தொட்டது என்று சபை முழுவதற்கும் முன்னால் சாட்சி சொல்ல வேண்டும். அதைக் கேட்டு மற்றவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவரின் ஆன்மாவை அண்டைவீட்டார் எடைபோட்ட பிறகே அவருக்கு அரசியல் உரிமை.

கல்வியில் அவர்கள் காட்டிய வேகத்தைத் தலைவணங்கிச் சொல்ல வேண்டும். காட்டை வெட்டி ஆறே ஆண்டுகளில், 1636இல், கல்லூரிக்கு 400 பவுண்டு ஒதுக்கினார்கள். தன் நூலகத்தையும் சொத்தில் பாதியையும் எழுதிவைத்து 1638இல் இறந்த இளம் போதகர் ஜான் ஹார்வர்டின் பெயர் அதற்கு நிலைத்தது. 1647 சட்டப்படி 50 குடும்பங்கள் உள்ள ஊர் எழுதப் படிக்கக் கற்பிக்கும் ஆசிரியரை நியமிக்க வேண்டும், 100 குடும்பங்கள் இருந்தால் லத்தீன் பள்ளி நடத்த வேண்டும். மனிதர்கள் வேதத்தைப் படிக்கவிடாமல் தடுப்பது சாத்தானின் சூழ்ச்சி என்று சட்டத்தின் முகப்பே கூறியது. படிக்கத் தெரிந்த மனிதர் தானாக யோசிக்கவும் செய்வார் என்ற சிக்கல் அதற்குள் அவர்கள் வாசலுக்கு வந்துவிட்டிருந்தது.

ஆன் ஹட்சின்சன் 1634இல் கணவரோடும் குழந்தைகளோடும் பாஸ்டனுக்கு வந்தார். 15 பிள்ளைகளைப் பெற்றவர், ஊருக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி. வின்த்ரோப் வீட்டுக்கு எதிரே இருந்த தன் வீட்டில் பெண்களைக் கூட்டி அந்த வாரப் பிரசங்கத்தைப் பேசத் தொடங்கினார். சில மாதங்களில் ஆண்களும் வந்தார்கள். அவர் சொன்னது பியூரிட்டன் கோட்பாட்டின் நேர்மையான முடிவு: நற்செயலால் இரட்சிப்பு இல்லையென்றால் ஒழுக்கமான வாழ்க்கையை இரட்சிப்பின் அடையாளமாகக் காட்டுவது எப்படிச் சரியாகும்? அப்படிப் போதிக்கும் போதகர்கள் கிருபையை விட்டுவிட்டுச் செயல்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

1637 நவம்பரில் விசாரணை. கவர்னர் வின்த்ரோப்பே நீதிபதி, அவரே குற்றம் சாட்டுபவர். 46 வயதுப் பெண், வழக்கறிஞர் யாருமின்றி நின்று, கேட்ட கேள்விக்கெல்லாம் வேத வசனத்தால் பதில் சொன்னார். வயதில் மூத்த பெண்கள் இளையவர்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்று தீத்து நிருபத்தில் இருக்கிறதே என்றபோது வின்த்ரோப்பிடம் தகுந்த மறுப்பு இல்லை. வழக்கு நழுவிக்கொண்டிருந்த நேரத்தில், கடவுள் தன்னோடு நேரடியாகப் பேசுகிறார் என்று ஆன் தானாகவே சொன்னார். அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. வேதத்தோடு வெளிப்பாடு முடிந்துவிட்டது என்பது அவர்கள் நம்பிக்கை. நாடுகடத்தல் தீர்ப்பு வந்தது. 1638 மார்ச்சில் சபையும் அவரை நீக்கியது. எழுந்து வெளியே நடந்தபோது மேரி டையர் என்ற இளம்பெண் அவரோடு சேர்ந்து நடந்தார். 1643இல் டச்சுக்காரர் பகுதியில் பழங்குடியினர் தாக்குதலில் ஆனும் அவர் பிள்ளைகள் பலரும் கொல்லப்பட்டார்கள். பாஸ்டனில் அதைக் கடவுளின் தீர்ப்பு என்று சொன்னவர்கள் இருந்தார்கள். எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது.

ஆனின் விசாரணைக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே ரோஜர் வில்லியம்ஸ் வெளியேற்றப்பட்டிருந்தார். பழங்குடியினரின் நிலத்தை எழுதிக்கொடுக்க இங்கிலாந்து மன்னருக்கு என்ன உரிமை என்று கேட்ட போதகர் அவர். வழிபாட்டு விஷயத்தில் அரசு தலையிடக் கூடாது, கட்டாய வழிபாடு கடவுளுக்கு அருவருப்பு என்றும் போதித்தார். அவரைப் பிடித்து இங்கிலாந்துக்கு அனுப்ப ஆள் வருமுன், 1636 ஜனவரிப் பனியில் தப்பினார். நாரகான்செட் விரிகுடாப் பக்கம் போகும்படி ரகசியமாக வழிகாட்டியவர் வின்த்ரோப்தான் என்று வில்லியம்ஸே பின்னாளில் எழுதினார். நாரகான்செட் தலைவர்களிடம் நிலம் பெற்று அவர் அமைத்த பிராவிடன்ஸ் ஊரில் யாரும் எந்தச் சபையிலும் சேரலாம், சேராமலும் இருக்கலாம். வில்லியம்ஸ் மதத்தில் அலட்சியமானவர் இல்லை, பாஸ்டன்காரர்களைவிடக் கடுமையான பியூரிட்டன். வழிபாடு அத்தனை தூய்மையானது என்று நம்பியதால்தான் அதில் அரசின் கை படக் கூடாது என்றார்.

ஆனோடு நடந்த மேரி டையர் பின்னால் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவில் சேர்ந்தார். குவேக்கர்கள் நாடுகடத்தப்பட்ட பிறகு திரும்பி வந்தால் மரண தண்டனை என்று 1658இல் மாசசூசெட்ஸ் சட்டம் போட்டது. மேரி திரும்பி வந்தார். 1659இல் இரண்டு தோழர்கள் தூக்கிலிடப்பட்டதை, தன் கழுத்திலும் கயிறு இருக்கப் பார்த்து நின்றார். கடைசி நேரத்தில் விடுவித்து அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு மீண்டும் வந்தார். 1660 ஜூன் 1 அன்று தூக்கிலிட்டார்கள். 1661இல் நான்காவது ஆளும் தூக்கிலேறிய பின், இரண்டாம் சார்லஸ் மன்னர் தலையிட்டு நிறுத்த வேண்டியிருந்தது.

வெள்ளையருக்குள் நடந்த இந்த வழக்குகளைவிடப் பெரிய கொடுமை ஊருக்கு வெளியே நடந்தது. 1637 மே 26 விடியலில் மிஸ்டிக் என்ற இடத்திலிருந்த பீக்வாட் பழங்குடியினரின் கிராமத்துக்கு ஜான் மேசன் தலைமையிலான குடியேறிகளின் படை தீவைத்தது. பெண்கள், குழந்தைகள் உட்பட 400க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கூட வந்த நாரகான்செட் வீரர்களே அதிர்ந்துபோனார்கள். பிடிபட்டவர்களில் ஒரு பகுதியினர் கரீபியன் கடலில் பியூரிட்டன் பிரபுக்கள் நடத்திய பிராவிடன்ஸ் தீவுக் குடியேற்றத்துக்கு அடிமைகளாக அனுப்பப்பட்டார்கள். 1638இல் கரீபியனிலிருந்து பாஸ்டன் திரும்பிய டிசையர் என்ற கப்பல் பருத்தி, புகையிலையோடு ஆப்பிரிக்கர்களையும் கொண்டுவந்ததை வின்த்ரோப் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். மனைவியை அடிக்கக் கூடாது என்று விதித்த 1641 சட்டத்தொகுப்பு, நியாயமான போரில் பிடிபட்டவர்களையும் விற்கப்பட்டு வந்தவர்களையும் அடிமையாக வைக்க இடம் கொடுத்தது.

ஜான் எலியட் போன்ற ஒருவரும் அந்தச் சமூகத்திலேயே இருந்தார். பழங்குடியினர் மொழியைப் பல ஆண்டுகள் கற்று, முழு வேதாகமத்தையும் அதில் மொழிபெயர்த்து 1663இல் அச்சிட்டார். அமெரிக்கக் கண்டங்களில் அச்சான முதல் வேதாகமம் அது. அச்சுக் கோத்தவர்களில் ஒருவர் நிப்மக் இனத்தவரான ஜேம்ஸ் பிரிண்டர்.

இந்த வேலையின் இழை தமிழ்நாடுவரை நீண்டது. தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்குக்கு, பாஸ்டனின் பியூரிட்டன் போதகர் காட்டன் மேத்தர் லத்தீனில் கடிதம் எழுதினார். சீகன்பால்கு 1719இல் மறைந்துவிட, அவருடைய சக ஊழியர் கிருண்ட்லர் பதில் எழுதினார். அந்தக் கடிதங்கள் 1721இல் பாஸ்டனில் ‘இந்தியா கிறிஸ்டியானா’ என்ற நூலில் அச்சாயின. கனெக்டிகட் போதகர்கள் தொடங்கிய கல்லூரிக்கு உதவும்படி சென்னைக் கோட்டையின் முன்னாள் கவர்னர் எலிஹு யேலுக்கு எழுதியவரும் இதே மேத்தர்தான். பாஸ்டனில் பிறந்த யேல் 1718இல் அனுப்பிய துணிப்பொதிகளும் புத்தகங்களும் ஒரு பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரைத் தந்தன.

எலியட் மதம் மாற்றியவர்களுக்குத் தனி ஊர்கள் இருந்தன. 1675இல் வாம்பனோவாக் தலைவர் மெட்டகாம் போர் தொடுத்தபோது, அந்தக் கிறிஸ்தவப் பழங்குடியினரையும் குடியேறிகள் நம்பவில்லை. பாஸ்டன் துறைமுகத்தில் உள்ள டீர் தீவில் குளிர்காலம் முழுக்க அடைத்துவைத்தார்கள். பலர் பசியிலும் குளிரிலும் செத்தார்கள். ஒரே வேதம், ஒரே ஜெபம், ஒரே ஞானஸ்நானம் எதுவும் அவர்களைக் காப்பாற்றவில்லை. உடன்படிக்கைக்குள் யார் வரலாம் என்ற கேள்விக்கு விடை அந்தத் தீவில் தெரிந்தது.

பேச ஆளில்லாமல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கிடந்த வாம்பனோவாக் மொழியை, அந்த இனத்தைச் சேர்ந்த ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்ட் 1993 முதல் மீட்டெடுத்து வருகிறார். அவர் கையிலிருந்த முக்கியமான ஆதாரங்களில் ஒன்று எலியட்டின் வேதாகமம்.

கம்பெனியின் சாசனம் 1684இல் பறிக்கப்பட்டது. 1691இல் வந்த புதிய சாசனம் வாக்குரிமைக்குச் சபைக்குப் பதிலாகச் சொத்தை அளவாக்கியது. திருச்சபைக்கு வரி கட்டும் கட்டாயத்தை மாசசூசெட்ஸ் 1833இல்தான் கைவிட்டது. ஆன் ஹட்சின்சனின் நாடுகடத்தல் உத்தரவை 1987இல் கவர்னர் மைக்கேல் டுகாகிஸ் ரத்து செய்தார். பழங்குடியினர் பாஸ்டன் நகருக்குள் நுழையக் கூடாது என்று 1675 போரின்போது போட்ட சட்டம் ஏட்டிலேயே கிடந்தது. அது நீக்கப்பட்ட ஆண்டு 2005.