மூன்று தடவையும் கரு தங்கவில்லை: அடுத்த முடிவை எப்படி எடுப்பது?

உறைநிலையில் வைத்திருந்த முளையத்தைக் கருப்பையில் வைத்த பிறகு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் காத்திருக்க வேண்டும். பின்னர் இரத்தத்தில் பீற்றா எச்.சி.ஜி. அளவைப் பார்ப்பார்கள். ஐந்துக்குக் கீழே இருந்தால் கரு தங்கவில்லை. எனக்கு மூன்று தடவையும் ஐந்துக்குக் கீழேதான் வந்தது. ஒவ்வொரு தடவையும் ரிப்போட் வந்த கையோடு, அடுத்ததாக என்னென்ன செய்யலாம், அதற்கு எவ்வளவு செலவாகும் என்ற விபரமும் வந்து சேர்ந்தது. ஏன் தங்கவில்லை என்பதை உட்கார வைத்து விளக்க மட்டும் ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. வைத்தியராக அல்ல, வரிப்பத்தான்சேனையிலிருந்து இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் வருகின்ற ஒரு பெண்ணாகவும், வாசித்ததைச் சரிபார்த்துப் பழகிய ஊடகவியலாளராகவும் இதை எழுதுகிறேன்.

இதில் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். முதலாவது தடவைக்கு நகை போகும். இரண்டாவதுக்கு வயல் ஈட்டுக்குப் போகும். மூன்றாவதுக்குப் பிறகு அந்த வீட்டு உறுதி அலுமாரியிலிருந்து வெளியே வரும். வன்னியிலென்றால் கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் சகோதரனின் கடன் அட்டை. 2022 இல் ரூபா சரிந்த பிறகு வெளிநாட்டு ஊசி மருந்துகளின் விலை எட்டாத உயரத்துக்குப் போனதும் எல்லோரும் அறிந்ததே.

மூன்றாவது தடவைக்குப் பிறகு மாமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பஸ்ஸில குலுங்கினதாலதான் மகள் நிக்காமப் போயிருக்கும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் இந்த நம்பிக்கையால், முளையம் வைத்த பிறகு கொழும்பில் இரண்டு வாரங்கள் அறை வாடகைக்கு எடுத்து, கட்டிலை விட்டு இறங்காமல் கிடக்கும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். கருப்பையின் முன் சுவரும் பின் சுவரும் ஒன்றோடொன்று ஒட்டியபடி இருப்பவை. முளையமோ ஒரு மில்லிமீற்றரிலும் சிறியது. பள்ளமும் மேடுமான பாதை அதைக் கீழே விழுத்தாது, தும்மலும் விழுத்தாது. படுத்தே கிடந்தால் கரு தங்கும் வாய்ப்புக் கூடுவதாக ஆய்வுகள் எதுவும் காட்டவில்லை. குறைவதாகக் காட்டிய ஆய்வு உண்டு. அறை வாடகையை மிச்சம் பிடிக்கலாம்.

அப்படியென்றால் ஏன் தங்கவில்லை? பெரும்பாலான சந்தர்ப்பங்களில் காரணம் முளையத்துக்குள்ளேயே இருக்கிறது. நிறமூர்த்தங்களின் எண்ணிக்கை பிழைத்த முளையங்கள் நுணுக்குக்காட்டியில் அழகாகத் தெரியலாம், நல்ல தரம் என்று எழுதப்படலாம், ஆனாலும் ஒட்டிக்கொள்ளாது, ஒட்டினாலும் கலைந்துவிடும். இந்தப் பிழை பெண்ணின் வயதோடு கூடுகிறது. நாற்பதைத் தாண்டியபின் பெரும்பாலான முளையங்களில் இது இருக்கும். பழியைப் பெண்ணின் வயிற்றின் மேலே போடுகின்ற நம் வழக்கத்துக்கு இது ஒத்துவராது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு முளையம் தங்கும் வாய்ப்பு நூற்றுக்கு 35 என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கோளாறும் இல்லாத நூறு தம்பதிகள் மூன்று முளையங்களை ஒவ்வொன்றாக வைத்தாலும், 27 தம்பதிகளுக்கு மூன்றுமே சரிவராது. ஐரோப்பிய மனித இனப்பெருக்க, முளையவியல் சங்கம் 2023 இல் வெளியிட்ட பரிந்துரையும் இந்தத் தர்க்கத்தையே பின்பற்றுகிறது. இத்தனை தடவை தோற்றால் கோளாறு என்று எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையை அது சொல்லவில்லை. வைத்த முளையங்கள் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து எதிர்பார்த்த வாய்ப்பு 60 சதவீதத்தைத் தாண்டியும் தங்காவிட்டால்தான் மேலதிகமாகத் தேடிப் பார்க்க வேண்டும் என்கிறது. 35 சதவீதக்காரருக்கு மூன்று தடவையில் அந்த எல்லை வந்துவிடும். வயது காரணமாக ஒரு முளையத்துக்கு 15 சதவீதமே வாய்ப்புள்ளவருக்கு ஆறு தடவை தேவை. ஆகவே வைத்தியரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, "என்னுடைய வயதுக்கு, இந்தத் தர முளையத்துக்கு, ஒரு தடவைக்கு எத்தனை சதவீதம்?" என்பதுதான். இந்த எண்ணைச் சொல்லத் தயங்குகின்ற இடத்தில் அடுத்த கட்டணத்தைக் கட்டுவதற்கு நானும் தயங்குவேன்.

தேடிப் பார்க்க வேண்டியவை உண்மையிலேயே இருக்கின்றன. கருப்பைக்குள் சதை வளர்ச்சியோ உட்புறம் தள்ளும் கட்டியோ இருக்கிறதா, உட்படலம் போதிய தடிப்புக்கு வருகிறதா, தைரொயிட் எப்படி, புரொஜெஸ்திரோன் போதுமா என்றெல்லாம் பார்ப்பார்கள். கரு தங்கித் தங்கிக் கலைந்தவர்களுக்கு இரத்தம் உறையும் தன்மை தொடர்பான பிறபொருளெதிரிப் பரிசோதனையும், கணவன் மனைவி இருவருக்கும் நிறமூர்த்தப் பரிசோதனையும் பயன்படும். ஒருபோதும் தங்காமல் போவதும், தங்கிக் கலைவதும் வேறு வேறு. ரிப்போட்டுகளை எறிந்துவிடாதீர்கள்.

எங்கள் வாசகர்களுக்காக ஒன்றைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். யுத்த காலத்தில் வயிற்றில் காயப்பட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், இடம்பெயர்ந்த நேரத்தில் கடும் கிருமித்தொற்றுக்கு ஆளானவர்கள், எப்போதாவது காசநோய்க்கு மருந்து எடுத்தவர்கள் அதை வைத்தியரிடம் தாங்களாகவே சொல்ல வேண்டும். அந்தக் கால ஆஸ்பத்திரிக் கொப்பிகள் முகாம்களிலும் பாதைகளிலும் தொலைந்துவிட்டன. கேட்காவிட்டால் யாருக்கும் தெரியாது. இவை பலோப்பியன் குழாயை அடைத்து, அதற்குள் நீர் தேங்க வைக்கலாம். அந்த நீர் கருப்பைக்குள் கசிந்தால் முளையம் தங்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறையும். குழாயை அகற்றியோ கட்டியோ விட்டால் வாய்ப்பு மீண்டும் கூடும். மூன்று முளையங்களை இழந்த பிறகுதான் ஒருவர் இதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றில்லை.

விலைப்பட்டியலில் மினுங்குபவை பெரும்பாலும் வேறு. கருப்பை உட்படலத்தைக் கீறிவிடுவது அவற்றில் ஒன்று. 2019 இல் 1,364 பெண்களை இரு குழுக்களாகப் பிரித்துச் செய்த ஆய்வில், கீறியவர்களிலும் கீறாதவர்களிலும் குழந்தை பிறந்த வீதம் ஒரேயளவு: 26.1. முளையத்தை எந்த மணித்தியாலத்தில் வைப்பது என்று கண்டுபிடிக்கும் பரிசோதனை இன்னொன்று. 2022 ஆய்வில் அதன்படி வைத்தவர்களில் 58.5 சதவீதத்தினருக்கும், வழமையான நேரத்தில் வைத்தவர்களில் 61.9 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. உடலின் எதிர்ப்புச் சக்திதான் கருவைத் தாக்குகிறது என்று கொடுக்கப்படும் பிரெட்னிசோன் மாத்திரையும் அப்படித்தான். இரண்டு தடவையாவது தோற்ற 715 பெண்களிடம் சீனாவில் சோதித்து 2023 இல் வெளியிட்டார்கள். மாத்திரை எடுத்தவர்களில் 37.8 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 38.8. குறைமாதப் பிரசவம் மாத்திரை எடுத்தவர்களிடம்தான் கூடுதலாக இருந்தது. கொழுப்புத் திரவத்தை நரம்பில் ஏற்றும் சிகிச்சையையும் ஐரோப்பியச் சங்கம் பரிந்துரைக்கவில்லை. எனக்குத் தந்த பட்டியலில் இந்த நான்கில் மூன்று இருந்தன. எதையாவது செய்தோம் என்ற ஆறுதலை இவை தரும் என்பது உண்மை. ஆனால் அந்த ஆறுதலின் விலை எங்கள் வயலைவிடக் கூடியது.

மறுபக்கத்தில் நம்பிக்கை தரும் ஒரு தரவும் உண்டு. நிறமூர்த்தம் சரியென்று சோதிக்கப்பட்ட முளையங்களை ஒவ்வொன்றாக வைத்த 4,000 க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களின் பதிவுகளை 2021 இல் ஆராய்ந்தார்கள். முதல் தடவையில் 65 சதவீதத்தினருக்கும், தோற்று மூன்றாவது தடவைக்கு வந்தவர்களிலும் 54 சதவீதத்தினருக்கும் குழந்தை கிடைத்திருந்தது. அங்கே தெரிவுசெய்யப்பட்டவர்கள் வாய்ப்புக் கூடியவர்கள். சோதிக்காத நம் முளையங்களுக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தாது. ஆனாலும் இரண்டு தடவை தோற்றவருக்குக் கதவு மூடிவிடவில்லை என்று தெரிகிறது.

இனி, காத்திருப்பதா விரைவதா என்ற கேள்வி. −196 பாகை செல்சியஸ் திரவ நைதரசனில் இருக்கும் முளையத்துக்கு வயது போவதில்லை. 33 வயதில் எடுத்த முட்டையின் முளையம் 38 இலும் 33 வயது முளையம்தான். கொல்கத்தாவில் சுபாஷ் முகர்ஜி உறைய வைத்த முளையத்திலிருந்து ஒரு பெண் குழந்தை 1978 ஒக்டோபர் 3 இல் பிறந்தது. இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுண் பிறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அன்றைய அதிகாரிகள் அவரை நம்ப மறுத்தார்கள். மனமுடைந்த அவர் 1981 இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இன்று அதுவே உலகெங்கும் அன்றாட முறை. ஆகவே முளையங்கள் கைவசம் இருந்தால், அறுவடைக் காசு வரும்வரையோ மனம் தேறும்வரையோ ஆறு மாதம் பொறுத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. முளையங்கள் தீர்ந்து, திரும்ப முட்டை எடுக்க வேண்டிய நிலையென்றால் கணக்கு தலைகீழ். முப்பத்தெட்டில் ஒரு வருடம் என்பது பெரிய காலம். முள்ளிவாய்க்காலில் பிள்ளைகளை இழந்து நாற்பதுகளில் மறுபடி முயலும் தாய்மாருக்கு இந்தத் தெரிவு இன்னும் இறுக்கமானது. அவர்களிடம் சொந்த முட்டையில் மீதமுள்ள வாய்ப்பை மறைக்காமல் சொல்வதே மரியாதை.

தானமாகப் பெறும் முட்டை சில வாசகர்களுக்கு ஒரு வழியாக இருக்கும். எங்களுக்கு இல்லை. 1980 இல் அல்-அஸ்ஹரின் தீர்ப்பும், 1986 இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமியின் தீர்மானமும் கணவன் மனைவிக்குள், நிகாஹ் நிலைத்திருக்கும் காலத்தில் இந்தச் சிகிச்சையை அனுமதித்தன. மூன்றாமவரின் முட்டையையோ விந்தையோ அனுமதிக்கவில்லை. கணவர் மௌத்தானாலோ தலாக் ஆனாலோ முளையத்தை என்ன செய்வது என்ற பத்தியை அதனால்தான் கையொப்பமிட முன் வாசிக்க வேண்டும். உறவில் ஒரு பிள்ளையை எடுத்து வளர்ப்பது எங்கள் ஊரில் புதிதல்ல. தகப்பன் பெயர் மாறாது, வாரிசுப் பங்கு கிடையாது. ஆனால் சொத்தில் மூன்றில் ஒன்றுவரை வசிய்யத்தாக எழுதலாம். குழந்தை இரண்டு வயதுக்குள் என்றால் பால்குடி உறவு மூலம் மஹ்ரம் சிக்கலும் தீரும். அதில் சம்பந்தப்பட்ட உம்மாவின் மனமும் கேட்கப்பட வேண்டும், பெரும்பாலும் கேட்பதில்லை.

நிறுத்துவதற்கும் திகதி குறிக்கலாம். எத்தனை முளையம், எவ்வளவு பணம், எந்த வயது என்ற மூன்றையும் அடுத்த தடவைக்கு முன்பே, ரிப்போட் கையில் இல்லாத ஒரு சாதாரண நாளில் பேசிக்கொள்வது நல்லது. நானும் கணவரும் அதை ஒரு கொப்பியில் எழுதினோம். இரண்டு முளையங்கள் மீதம் இருக்கின்றன. அவருடைய விந்துப் பரிசோதனை நாலு வருடம் பழையது, அதைத் திரும்பச் செய்வதென்று அவரே சொன்னார். குழாய்க்கும் கருப்பைக்கும் ஒரு ஸ்கேன், பிறகு ஒவ்வொன்றாக இரண்டு தடவை. புதிதாக முட்டை எடுப்பதில்லை. வீட்டு உறுதி இப்போது உம்மாவின் பெட்டியில் இருக்கிறது, திறப்பும் அவரிடம்தான்.