அப்பாவே கோச்சானால்

ஒன்பது வயதுப் பையன் கைக்கு வந்த பந்தைக் கோட்டைவிடுகிறான். அடுத்த நொடியே அவன் பார்வை பந்தின் மேல் போவதில்லை, மைதான ஓரத்தில் நிற்கும் கோச்சின் முகத்தில் போய் நிற்கிறது. அந்தக் கோச் அவனுடைய அப்பாவாகவும் இருந்துவிட்டால்?

அமெரிக்காவில் இது அன்றாடக் காட்சி. பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட் ஊரில் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் 1939-ல் மூன்றே அணிகளோடு சிறுவர்களுக்கான பேஸ்பால் போட்டியைத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் ‘லிட்டில் லீக்’ என்று நாடெங்கும் பரவியது. அதில் கோச்சுகள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். பலரும் அதே அணியில் ஆடும் பிள்ளைகளின் பெற்றோர்.

இந்தக் கோச்சுகள் மைதானத்தில் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க முனைந்தவர்கள் வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ரொனால்ட் ஸ்மித்தும் ஃபிராங்க் ஸ்மோலும். 1970-களில் 51 கோச்சுகளை 202 ஆட்டங்களில் ஆள் வைத்துக் கவனித்தார்கள். பாராட்டினாரா, திட்டினாரா, சொல்லிக்கொடுத்தாரா, கண்டுகொள்ளாமல் விட்டாரா என்று 57,213 செயல்கள் பதிவாயின. பிறகு 542 சிறுவர்களை வீட்டுக்கே போய்ச் சந்தித்துக் கேட்டார்கள்.

தாங்கள் எப்படி நடந்துகொண்டோம் என்று கோச்சுகள் சொன்னதற்கும் பதிவேட்டுக்கும் பெரிதாகப் பொருத்தமே இல்லை. பிள்ளைகள் சொன்னது அதைவிட நன்றாகப் பொருந்தியது. கோச்சுகள் தங்களைப் பற்றி ஓரளவு சரியாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: திட்டுவது. அணி ஜெயித்ததா தோற்றதா என்பதற்கும் கோச்சைப் பிள்ளைகளுக்குப் பிடித்ததற்கும் தொடர்பு இல்லை. ஆனால் ஜெயித்த அணிச் சிறுவர்கள், ‘எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தக் கோச்சை ரொம்பப் பிடிக்கும்’ என்று நினைத்தார்கள். வெற்றி யாருக்கு வேண்டியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இதை வைத்தே கோச்சுகளுக்கு ஒரு பயிற்சி வகுப்பு உருவானது. சீசனுக்கு முன் சில மணி நேரம்தான். முயற்சியையும் பாராட்டுங்கள், தப்பு செய்தவனை முதலில் தட்டிக்கொடுங்கள், பிறகு திருத்துங்கள், தண்டிக்காதீர்கள். 1992-ல் வெளியான ஆய்வில் எட்டு கோச்சுகள் இந்த வகுப்புக்குப் போனார்கள், பத்துப் பேர் போகவில்லை. மறு ஆண்டு, வகுப்புக்குப் போகாதவர்களிடம் ஆடிய சிறுவர்களில் 26 சதவீதத்தினர் விளையாட்டை விட்டே விலகியிருந்தார்கள். போனவர்களின் அணிகளில் விலகியது 5 சதவீதம். வெற்றி தோல்விக் கணக்கில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை.

பெற்ற பிள்ளைக்கே கோச்சாக இருப்பதைத் தனியாக ஆராய்ந்தவர்கள் மௌரீன் வைஸும் சூசன் ஃப்ரெட்வெல்லும். 2005-ல் வந்த அவர்களுடைய ஆய்வில், 12 வயதுக்கு உட்பட்டோர் கால்பந்து அணிகளில் ஆடிய ஆறு பையன்களும் அவர்களுடைய அப்பாக்களும் பேசினார்கள். ஆறு குடும்பம் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் அந்தப் பேச்சில் இருக்கும் நேர்மை எனக்கு முக்கியமாகப் படுகிறது. அப்பாவோடு கிடைத்த நேரம், நுணுக்கங்களைக் கற்றது, தங்கள் திறமை எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்று பையன்கள் நல்லதைச் சொன்னார்கள். அழுத்தம், தப்பு செய்தால் வரும் கண்டிப்பு, நியாயமில்லாத நடத்தை என்று மற்றதையும் மறைக்கவில்லை. அப்பாக்களும் மகனைப் பார்த்துப் பெருமைப்பட்டதைச் சொன்னார்கள். அப்பா எங்கே முடிகிறார், கோச் எங்கே தொடங்குகிறார் என்று பிரிக்க முடியாமல் தவித்ததையும் ஒப்புக்கொண்டார்கள்.

எனக்கு இதில் பெரிய லாபமாகத் தெரிவது வேறு. தோற்ற நண்பனிடம் தன் பிள்ளை என்ன பேசுகிறது, தன் முறைக்கு எப்படிக் காத்திருக்கிறது, பயத்தை எப்படி விழுங்குகிறது? இவற்றை எந்த மதிப்பெண் அட்டையும் சொல்லாது. கூடவே மைதானத்தில் நிற்கிற பெற்றோருக்குத்தான் அது கிடைக்கும்.

உங்கள் தெருப் பிள்ளைகளின் அணிக்கு நீங்களே கோச்சாகப் போகிறீர்களா? ஆட்டம் முடிந்ததும் எத்தனை முறை பாராட்டினீர்கள், எத்தனை முறை திட்டினீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் பிள்ளையையும் தனியாக எழுதச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், பிள்ளை எழுதியதையே நம்புங்கள்.