கச்சான் காற்றும் தேயிலைக் கொழுந்தும்

ஆடி, ஆவணி மாதங்களில் ஊவா மலைச்சாரலில் கச்சான் வீசுகின்றது. தென்மேற்கு மழையை மலைத்தொடரின் மேற்குச் சரிவிலேயே இறக்கிவிட்டு வருவதால் அது வறண்ட காற்று. அப்பொழுது கொழுந்து அருகும். பறிக்கும் பெண்களுக்கு அரைப்பேர் விழுவதும் உண்டு. ஆயினும் ஊவாத் தேயிலை தன் புகழ்பெற்ற மணத்தை எய்துவது இப்பருவத்திலேதான்.

நேயர்களே, இக்காற்றில் செடி எவ்வாறு உயிர் தரிக்கின்றது? மண்ணில் நீர் குறைந்ததும் செடியில் அப்சிசிக்கமிலம் பெருகுகின்றது. அதன் கட்டளையை இலைவாய்களின் காவற்கலங்களுக்குள் நிறைவேற்றும் தூதுப் பொருள்களுள் ஒன்று நைத்திரிக்கொட்சைட்டு. ஆம், மோட்டார் வண்டிப் புகையிலே நஞ்சென்று நாம் அஞ்சும் அதே வாயுதான்! இலைவாய்கள் மூடுகின்றன, நீரிழப்புக் குறைகின்றது. ஆனால் மூடிய இலைமீது வெயில் காய, தீங்கு பயக்கும் ஒட்சிசன் வகைகள் உள்ளே பெருகுகின்றன. அவற்றைத் தணிக்கும் கற்றலேசு முதலிய நொதியங்களைத் தூண்டுவதிலும் இவ்வாயுவுக்குப் பங்குண்டு. அளவு மீறினாலோ, அதுவே கலத்தைக் கெடுக்கும்.

மனிதனின் இரத்தக் குழாய்களில் இது தூதுப் பொருளாய்த் தொழிற்படுவதைக் கண்டமைக்காக 1998 இல் மூவர் நோபெல் பரிசு பெற்றனர். தாவரங்களின் நோயெதிர்ப்பில் இதற்குள்ள பங்கினை விளக்கிய ஆய்வுகள் வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே.

நிழல் மரம் நட்டு, கவ்வாத்து வெட்டிய குச்சியையும் இலையையும் செடியடியிற் பரப்பிய மலைகளில் ஈரம் சில நாள் கூடுதலாக நிற்கும். அங்கே இத்தூது சற்றுப் பிந்தியே புறப்படும்.