கரிசல் மல்லியின் தைலம்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலங்களில் ஐப்பசி மழையை நம்பி விதைக்கப்படும் மல்லியின் பச்சைக் காயை நசுக்கினால் மூட்டைப்பூச்சி நாற்றம் எழுவதை நாம் அறிவோம். கிரேக்கர் இச்செடிக்கு இட்ட பெயரே அப்பூச்சியின் பெயரினின்று பிறந்ததென்பர்! அதே காய் முற்றி உலர்ந்தபின் நறுமணங் கமழ்வது எங்ஙனம்? இளங்காயில் மிகுந்திருப்பவை ஆல்டிஹைடுகள். முதிர முதிர அவை குன்றி, லினலூல் என்னும் ஆல்கஹால் பெருகுகின்றது. விதையினின்று நீராவியால் வடித்த தைலத்தில் நூற்றுக்கு 60 முதல் 80 பங்கு லினலூலே.

கிருமியின் உடலைப் போர்த்திய மெல்லிய சவ்வு பெரிதும் கொழுப்பாலாயது. நீரில் எளிதிற் கரையாத லினலூல் அக்கொழுப்பிற் புகுந்து சவ்வைக் குலைக்க, உள்ளிருப்பவை கசிந்து கிருமி மடிகின்றது. இது சோதனைச்சாலைத் தட்டிற் கண்ட உண்மை. இதைக்கொண்டு மல்லிக் கஷாயம் சகல ஜுரங்களையும் தீர்க்குமெனப் பறைசாற்றுவோரை நாம் நம்புவதற்கில்லை. நமது பருமணி மல்லியில் தைலம் பெரும்பாலும் நூற்றுக்கு அரைப் பங்குமில்லை. கொதிநீரில் அதிலும் ஒரு பாகம் ஆவியாய்ப் போம்.

ருஷ்ய தேசத்துச் சிறுமணி மல்லியிலோ ஒரு பங்குக்கு மேலும் உண்டு. ஆதலின் தைலம் வடிப்போர் அதனையே நாடுகின்றனர். நம் கரிசற் குடியானவருக்குக் கிடைப்பது குழம்புப்பொடிக்குரிய விலையே.